திதி இல்லாத இரண்டு பேர்

"கண்டறியப்பட்ட மாற்றம் ஒன்று. இதன் பொருள் இப்போதைக்கு உறுதிப்படவில்லை."

என் பேரனின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில், மூன்றாம் பக்கத்தின் அடியில் உள்ள வரி இது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழாக்கம் என்னுடையது. ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்திருப்பது: "கைக்கு வந்தது செவ்வாய், மாலை 4.20. கிளினிக்கில் கூட்டம். உட்கார இடமில்லை."

ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குக் கடந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதிய கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. இதை எழுதப் போகிறேன் என்றதும் சின்ன மகள் பெயர் எதுவும் வேண்டாம் என்றாள். தேதி போட்டால் பெயர் போட்ட மாதிரிதான். ஆகவே தேதிகளை நோட்டிலேயே விட்டுவிட்டு, கிழமைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பேரனுக்கு ஏழு வயது. மூத்த மகளின் பையன். ஐந்தாம் மாதத்தில் முதல் வலிப்பு வந்தது. கழுத்து இன்றுவரை சரியாக நிற்கவில்லை. பேச்சு இல்லை. சாப்பாடு குழாய் வழியாக. கே.கே. நகரில் எங்கள் வீட்டிலிருந்து அந்தக் குழந்தைகள் மரபணு கிளினிக்குக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். அங்கே காத்திருப்பது பாதி நாள். இந்த வருஷங்களைப் பற்றி என்னைக் கேட்டால், மருத்துவத்தைவிட பெஞ்சுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல முடியும். ஜன்னலோர பெஞ்சில் காலை பதினோரு மணிக்கு மேல் வெயில் விழும். அதற்குள் டோக்கன் வந்துவிட்டால் நல்ல நாள்.

மூத்தவளை என் மனைவியின் தம்பி மகனுக்குக் கொடுத்திருந்தோம், மணப்பாறையில். சொந்தத்தில் வேண்டாம் என்று அப்போது நான் சொன்னேன். புத்தகங்களில் படித்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். பிறகு எல்லோருக்காகவும் விட்டுக்கொடுத்தேன். பையனுக்கு நோய் என்று தெரிந்த அன்று, நான் சொன்னது பலித்துவிட்டதே என்று ஓர் அற்பத் திருப்தி உள்ளே எட்டிப் பார்த்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கிளினிக்கில் எங்கள் குடும்ப மரம் கேட்டார்கள். எனக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. இரண்டு பக்கத்து வம்சத்தையும் நாலு தலைமுறைக்கு ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பிறந்த தேதிக்கு ஜாதக நோட்டு, கல்யாணத்துக்குப் பத்திரிகை, இறப்புக்குத் திதி. வீடு வீடாகப் போய், யாருக்கு எந்த மாதம் எந்தத் திதியில் படையல் என்று கேட்டு, பழைய பஞ்சாங்கங்களைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றியிருந்தேன். வரைபடத்தைப் பார்த்த ஆலோசகர், சின்னப் பெண்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இந்த மாதிரி யாரும் கொண்டுவந்ததே இல்ல சார்."

பிறகு கேட்டாள். "மேடம் சைடுல சின்ன வயசுல தவறிப்போன பசங்க யாராச்சும் உண்டா?"

"இல்லம்மா. இருந்தா இதுல இருக்கும்."

இன்னொரு முறையும் கேட்டாள். இன்னொரு முறையும் அதையே சொன்னேன்.

டாக்டர் அந்த வரைபடத்தை நம்பினார். பையனிடம் கண்ட மாற்றம் தாய் வழியாக வந்தது. அதுதான் காரணம் என்றால் தாய்வழிக் குடும்பத்தில் வேறு ஆண் குழந்தைகளும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள், ஆனால் மகனுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் மரத்தில் அப்படி ஒரு பையனும் இல்லை. எனவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் வேறு ஏதோ ஒன்றைத் தேடினார்கள். அப்படியானால் சொந்தத்தில் கட்டாத சின்ன மகளுக்குப் பயமில்லை. லால்குடி மாப்பிள்ளை, தூரத்து உறவுகூட இல்லை. "நீ தாராளமா பெத்துக்க" என்று அவளிடம் சொன்னது நான்தான். அவளுக்கு நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்தில் அந்தக் கூட்டம் நடந்தது.

கிளினிக்குக்கு வரும் குடும்பங்களை எல்லாம் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டுவார்கள். மேடையில் திரை கட்டி ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்று காட்டுவார்கள். ஒரு மூலையில் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு ரத்தம் எடுப்பார்கள். பலூன் உண்டு, மதியம் தக்காளி சாதமும் தயிர் சாதமும் உண்டு. மூன்றாம் வருஷமாகப் போகிறவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மணப்பாறையிலிருந்து என் மனைவியின் அக்காவும் வந்திருந்தார். அவர் வந்தது ஆராய்ச்சிக்கு அல்ல. "அப்படியே பெருமாளையும் சேவிச்சிட்டு அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சிருவேன்" என்று சொல்லித்தான் வந்தார். கையில் ஒரு பெரிய பை நிறைய முறுக்கு.

உள்ளே நுழைந்ததும் எதிரில் நாற்காலியில் இருந்த ஒரு சிறுமிக்கு ஒன்றை நீட்டினார். பாலக்கரையில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாயின் மகள் அவள். அவர் பாய்ந்து வந்து கையை மறித்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்ணுக்கு ஆகாது."

"முறுக்குதான பாய்? விஷமா வச்சிருக்கேன்?"

"அவளுக்குப் பருப்பே விஷந்தாம்மா. பாலும் அளந்துதான். எல்லாம் நிறுத்துப் போட்டுத்தான் குடுக்கிறோம். நான் வேணா சாப்பிடுறேன், குடுங்க" என்று அந்த முறுக்கை வாங்கி அவரே கடித்தார். "மணப்பாறைதானே? நொறுங்குது பாருங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆலோசகர் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு சமாதானம் சொன்னாள். "இங்க நிறைய குழந்தைங்களுக்கு சாதாரண சாப்பாடு ஒத்துக்காதும்மா. சில பேருக்குத் தாய்ப்பால்கூட ஒத்துக்காது. பொறப்புலேயே அப்படி. அம்மா மேல தப்பே இல்ல."

அதற்குப் பிறகு அக்கா ஒரு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கோபம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. ஒவ்வொரு குடும்பமும் தன் மரத்தைப் பெரிய சார்ட் தாளில் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அக்கா அதன் எதிரே வந்து நின்றார்.

"இதுல நான் எது தம்பி?"

காட்டினேன்.

"எனக்குக் கீழ ஒரு வட்டந்தான் இருக்கு."

"உங்க பொண்ணுக்கா."

"அதுக்கு முன்னாடி ரெண்டு சதுரம் போடணுமே."

பக்கத்தில் இருந்த என் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "என்னக்கா இது, எதுக்கு இப்ப அதெல்லாம். முடி எறக்காத புள்ளைங்க."

ஸ்கெட்ச் பேனாவின் மூடி என் கையிலேயே இருந்தது. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. மறைக்கவில்லை, நான் கேட்ட கேள்விக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான். அவர்கள் குடும்பத்தில் குலசாமிக்கு முதல் முடி இறக்கிய பிறகுதான் பிள்ளை என்று எண்ணுவார்கள். அதற்கு முன் போய்விட்டால் புதைப்பதோடு சரி. காரியம் இல்லை, படையல் இல்லை, திதி இல்லை. திதி இல்லாத யாரும் என் நோட்டுக்குள் வர வழியே இல்லை.

ஆலோசகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லுங்கம்மா. எத்தன மாசத்துல?"

"பெரியவன் ஒம்போது மாசம். சின்னவன் ஏழோ எட்டோ. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். ரெண்டுக்குமே கழுத்து நிக்கல. பால் மாந்தம்னாங்க. எம் மாமியா எம் பால்தான் ஆகலன்னு சொல்லி, மூணாவதுக்குக் குடுக்கவே விடல. ஆட்டுப்பால்தான். அது பொழச்சுக்கிச்சு." தாளில் தன் வட்டத்தைத் தொட்டார். "அப்ப அவுங்க சொன்னது சரிதானேன்னு நானும் இருந்துட்டேன்."

மூன்றாவது பெண். அதனால் பிழைத்திருக்கலாம். அந்த இடத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் மூன்று பேர்: ஆலோசகர், நான், எங்களுக்குப் பின்னால் தயிர் சாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்த சின்ன மகள். அவள் தட்டை நாற்காலிமேல் வைத்தாள்.

"அப்பா. ஒரு கூட்ஸ் வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டானாக்கூட எழுதி வப்பீங்களே."

ஆலோசகர் இரண்டு சதுரம் வரைந்து இரண்டின் குறுக்கிலும் கோடு போட்டாள். அந்தத் தாளை மற்றவர்களுடையதோடு சுவரில் ஒட்டவில்லை. சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஒதுக்கி வைத்த மாற்றம் மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது. சின்னவளிடமும் அது இருந்து, வயிற்றில் இருப்பது பையனாகவும் இருந்தால், பேரனுக்கு வந்தது அவனுக்கும் வரலாம். அவளிடம் இருந்தால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நாள் குறுகிக்கொண்டிருக்கிறது. சின்னவள், என் மனைவி, அக்கா மூவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அக்கா ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, "நேத்திக்குப் பெருமாளையும் பாக்கல, அஞ்சு மணி பஸ்ஸும் போச்சு" என்றார்.

முடிவுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் என் நோட்டில் ஒரு வரியும் இல்லை. சின்னவள் லால்குடிக்குத் திரும்பவில்லை, எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் மூத்தவள் பையனுக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதை வாசற்படியில் நின்று பார்ப்பாள். மூத்தவள் திரும்பிப் பார்க்காமலே, "உக்காருடி, கால் வீங்கப் போவுது" என்பாள். அதில் பரிவு இருந்ததா அலுப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, பகல் 12.10-க்குப் போன் வந்தது. சின்ன மகளிடம் அந்த மாற்றம் இல்லை. என் மனைவியிடம் இருக்கிறது. அக்காவிடமும் இருக்கிறது.

மூத்தவள் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லதுப்பா" என்றாள். துணியை மடித்தாள். "அவள அழ வேணாம்னு சொல்லுங்க."

சின்னவள் அன்று மாலையே லால்குடிக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் போனில் மட்டும் பேசினாள். பிள்ளை பிறந்துவிட்டது, ஆண், இப்போது குப்புற விழுகிறான். அதை மூத்தவளிடம் அவளாகச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மணப்பாறைக்குப் போன் செய்தேன். அக்கா முடிவைக் கேட்டுக்கொண்டு சின்னவளுக்காகச் சந்தோஷப்பட்டார். பிறகு, "தம்பி, ஒண்ணு கேக்கவா" என்றார்.

"கேளுங்கக்கா."

"அப்ப எம் பால் இல்லியா?"

டாக்டரிடம் இதையே நான் கேட்டிருந்தேன். இரண்டு தலைமுறையில் ஒரே மாதிரி மூன்று பையன்கள் என்றால் சந்தேகம் பலமாகிறது, ஆனால் இறந்த இருவரின் ரத்தமும் இல்லை, ஒரு மருந்துச் சீட்டும் இல்லை, அறிக்கையில் அந்த வரியை மாற்ற முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதுதான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

"இல்லக்கா. உங்க பால் இல்ல."

"அப்ப ரத்தமா?"

"அதுவும் உங்க தப்பு இல்லக்கா."

பிறகு, "சரி தம்பி, குக்கர் கத்துது, வச்சிடுறேன்" என்றார்.

நோட்டில் அக்காவின் வரிக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன். ஆண், ஒன்பது மாதம். ஆண், ஏழு அல்லது எட்டு மாதம். சின்னவன் போனது ஆனியில் என்கிறார் அக்கா. ஆடி பிறந்துவிட்டது என்கிறாள் என் மனைவி. தேதிக்கான இடம் காலியாக இருக்கிறது. காரணத்துக்கான இடத்தில் எழுதியிருப்பது: அக்காவிடம் நான் சொன்னது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.