நின்றபடி சாப்பிட்டவர்

இன்னும் முப்பது வருடம் கழித்து மெல்பேர்னில் யாருடைய முழங்கால் எந்தக் கிழமை மக்கர் பண்ணும் என்பதை ஹரிப்பிரியா இன்றே சொல்லிவிடுவாள். சரி, கிழமை கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் எந்த வட்டாரத்தில் எத்தனை முதியவர்களுக்குக் கைத்தாங்கல் தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் அவள் உத்தியோகம். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வருடம் முதியோருக்கான நடைப்பயிற்சி நிலையம் ஒன்று தமிழர்கள் நிறைய வசிக்கும் கிரான்பர்ன் புறநகருக்கு வருமா, வேறு பக்கம் போய்விடுமா என்பது அவள் கணிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கணிப்புக்காக அங்கே எடுத்த சர்வேயிலோ தமிழ்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: எதிலும் கஷ்டமில்லை. கணினி அதை அப்படியே நம்பி, தொண்ணூறு வயதிலும் அவர்களைத் துள்ளி ஓடவிட்டது.

"நம்ம ஆளுங்க செம ஸ்ட்ராங். அனுப்பிடு," என்றார் மேலாளர் பிரதீப்குமார்.

"இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கிறதுதான் பயமா இருக்கு பிரதீப். திங்கக்கிழமை அனுப்புறேன்."

ஞாயிறன்று கேரம் டவுன்ஸ் கோயிலின் சாப்பாட்டுக் கூடத்தில் விக்னராஜா அங்கிள் கண்ணில் பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது கிரான்பர்ன்வாசி. பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடக்க, நின்றபடியே புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அங்கிள்."

"இருந்தா எழும்ப ரெண்டு பேர் வேணும் பிள்ளை."

"அப்ப சர்வேயில கஷ்டம்னு சொன்னீங்களா?"

"இல்லையே. மகள்தான் கேள்வியை வாசிச்சவள். தூக்கிவிடுறவளிட்டயே கஷ்டமெண்டு சொல்லுறதோ? பிள்ளையள் தூக்கிவிடுகினம். அது ஒரு கஷ்டமோ?"

ஹரிப்பிரியாவின் கையிலிருந்த வடை வாய்க்குப் போகாமல் நின்றது.

மறுநாள் அவள் அனுப்பியது கணிப்பை அல்ல. இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்ற கோரிக்கையை. பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கஷ்டமா என்ற பேச்சையே எடுக்கவில்லை. "இன்னிக்குக் காலையில உங்களை எழுப்பிவிட்டது யாரு?" என்று மட்டும் கேட்டாள். மகள், மருமகன், பேரன் என்று பெயர்கள் வந்து குவிந்தன. கணினியில் துள்ளியவர்கள் கைத்தடிக்கு இறங்கி வந்தார்கள். இன்னும் இருபது வருடத்தில் தூக்கிவிடும் அந்தப் பிள்ளைகளுக்கே எழுபது ஆகிவிடும். அப்போது யாரை யார் தூக்குவது என்பதையும் அவள் படம் போட்டுக் காட்டினாள்.

நிலையம் கிரான்பர்னுக்கே வந்தது. திறப்பு நாளில் பிரதீப்குமார் மைக்கைப் பிடித்தார்: "முப்பது வருஷம் தள்ளி நடக்கப்போறது இவ கண்ணுக்கு இப்பவே தெரியும்."

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த விக்னராஜா அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"அப்பிடி இல்லைத் தம்பி. நான் நிண்டு சாப்பிட்டதைத்தான் அவ பாத்தவ."