நான் ஒறுத்த நாற்பது நாள்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு இருந்த அதிகாரம் அதன்பிறகு எந்த உத்தியோகத்திலும் கிடைக்கவில்லை. இப்போது எனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. அன்றைக்கு இருநூறு பிள்ளைகள் என் விரலைப் பார்த்து வரிசையில் நின்றார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை அது. மேல்மாடியில் யன்னலோர வாங்கில் இருந்தால் கப்பல்கள் தெரியும்; ஆகவே யன்னலோரக்காரருக்குக் கணக்கு வராது. சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடம் என்றாலும் பிள்ளைகளில் பாதிப்பேர் எங்களைப்போலச் சைவக்காரர். வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டுப் போய், காலைச் செபத்துக்குச் சிலுவை அடையாளமும் போடுவோம். அதில் எங்களுக்கோ சாமிகளுக்கோ ஒரு மனத்தாங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.

தை மாதத்தில் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டினார்கள். நான் சிரேஷ்ட மாணவத் தலைவி. படிப்பில் முதலாம் பிள்ளை என்பதாலோ ஒழுக்கத்தாலோ அல்ல, குரலால் கிடைத்த பதவி. பள்ளிக்கூடத்து ஒலிவாங்கி மாதத்தில் பாதி நாள் பழுது. நான் நின்றால் அது தேவைப்படாது. துணைத் தலைவி பிறிசில்லா. முதலாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் இருந்தவள். தகப்பன் கடற்தொழில் செய்பவர். பிறிசில்லா அதிகம் கதைக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் கதைப்பேன் என்பதால் அது ஒரு குறையாக எனக்குப் பட்டதேயில்லை.

எங்களுக்கு வேலைகள் பல. வரிசையைச் சரிபார்ப்பது, ஊருக்குள் திரிந்து கேற்றுக்குள்ளும் புகுந்து பூக்கன்றுகளைத் தின்னும் மான்களைக் கலைப்பது, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மதியச் சாப்பாட்டை ஒருவரும் எறியாமல் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழப்படி செய்பவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுவது. அந்தக் கொப்பி என் கையில் இருந்தது. கொப்பியோடு நான் வருவதைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் விக்கலைக்கூட விழுங்கிவிடுவார்கள்.

மாசி மாதம் விபூதிப் புதன் வந்தது. கத்தோலிக்கருக்கும் நெற்றியில் சாம்பல் பூசும் ஒரு நாள் உண்டு என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒருவழியாக அவர்களும் எங்கள் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குப் பள்ளிக்கூட அதிபர் சிஸ்டர் மாணவத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டார்.

"தவக்காலம் ஒறுத்தலின்ர காலம். நீங்கள்தான் மற்றப் பிள்ளையளுக்கு முன்மாதிரியா இருக்கோணும். ஒரு நாளைக்கு ஒரு ஒறுத்தலாவது செய்யுங்கோ. கிழமை முடிய ஒரு துண்டில எழுதி, சிற்றாலயத்தில இருக்கிற பெட்டிக்குள்ள போடுங்கோ. பேர் எழுத வேண்டாம். நான் வாசிக்க மாட்டன், ஆண்டவர் வாசிப்பார்" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வளவைச் சுற்றிச் சிலுவைப்பாதை போகும். முன்னால் மரச்சிலுவையைத் தூக்கிப் போவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. இந்தமுறை அது பிறிசில்லா. ஆனால் யாருடைய பெயராவது நாலு தரம் கொப்பியில் ஏறினால் அவர்களுக்குச் சிலுவை கிடையாது, அடுத்த தலைவிக்குப் போய்விடும். பிறிசில்லாவின் அக்காமார் இரண்டு பேரும் அந்தச் சிலுவையைத் தூக்கியவர்கள். இவள் முதலாம் வகுப்பிலிருந்தே அதற்காகக் காத்திருந்தாள். அன்று பின்னேரமே அவளுடைய அம்மா வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார்.

எனக்கு இருந்த பிரச்சினை வேறு. ஒறுத்தல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். சிரேஷ்ட மாணவத் தலைவி எழும்பி நின்று கருத்துக் கேட்பதாவது! வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன்.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். ஆனால் அவருடைய மனதுக்குள் அவர் ஒரு பண்டிதர். தமிழ்ச் சொல் ஒன்றுக்குக் கருத்துக் கேட்டால் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஒறுத்தல் எண்டா தண்டிக்கிறது, பிள்ளை. பழந்தமிழ்ச் சொல். இப்ப ஆர் இதைப் பாவிக்கினம்? உங்கட சிஸ்டர் நல்லாத் தமிழ் படிச்சிருக்கிறா" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு ஆளையாவது தண்டிக்க வேண்டும். ஒன்று என்பது சிஸ்டர் தன்மையாகச் சொன்னது. நான் சிரேஷ்ட தலைவி, ஐந்து பேரையாவது தண்டிக்க வேண்டாமா?

அடுத்தநாளே தொடங்கினேன். சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தால் முழங்காலில் இரு. செபத்தின்போது கண்ணைத் திறந்தால் வேப்பமரத்தடியில் நில். (அவர்கள் கண்ணைத் திறந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.) இடைவேளைக்குக் கொண்டுவந்த பாண் துண்டை மானுக்குக் கொடுத்த இரண்டாம் வகுப்புப் பெடியனை நூறு தரம் "மானுக்குப் பாண் கொடுக்கமாட்டேன்" என்று எழுதவைத்தேன். ஐம்பது தரத்திலேயே அவனுக்கு மான் என்ற சொல் மாண் ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்து ஒறுத்தேன். "ஏன் அக்கா?" என்று யாராவது அழுதால், "இது தவக்காலம். நான் உங்களை ஒறுக்கிறன்" என்று விளக்கம் சொல்வேன். பிறிசில்லா பக்கத்திலேயே நிற்பாள். இரண்டொரு தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலைவி கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது என்றேன்.

கிழமைக்குக் கிழமை என் துண்டு நீண்டுகொண்டே போனது. மற்றவர்கள் விரலளவு கடதாசியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களால் ஏலுமானது அவ்வளவுதான் என்று இரக்கப்பட்டேன்.

பிறகு முட்டைப் பிரச்சினை வந்தது. மதியச் சாப்பாட்டில் கிழமைக்கு இரண்டு நாள் அவித்த முட்டை இருக்கும். அவரவர் சாப்பாட்டை அவரவர்தான் சாப்பிட வேண்டும் என்பது விதி. பிறிசில்லா தன் முட்டையை முதலாம் வகுப்புச் சின்னப்பிள்ளை ஒன்றின் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பதை என் கண்ணாலே கண்டேன்.

"ஏன் குடுத்தனி? எடுத்துச் சாப்பிடு."

"எனக்கு ஏலாது..."

அதற்குமேல் அவளைச் சொல்ல விடவில்லை. சிரேஷ்ட தலைவியின் முகத்துக்கு நேரே ஏலாது என்பதா! கொப்பியில் எழுதினேன்: 'பிறிசில்லா. முட்டை கொடுத்தது. எதிர்த்துக் கதைத்தது.' என் உயிர்ச் சிநேகிதி என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்கு மற்றப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? அடுத்த முட்டை நாளும் கொடுத்தாள், எழுதினேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன். நாலாம் தரம் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளை முழங்காலில் இருத்தினேன். சத்தம்போடாமல் இருந்தாள். கொப்பியில் நான் நாலாம் தரம் அவளுடைய பெயரை எழுதியபோதுதான் கண்ணால் தண்ணீர் வந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடமை கடமைதானே.

சிஸ்டர் கொப்பியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். சொன்ன சொல்லை மாற்றவில்லை. சிலுவை எனக்கு வந்தது. சந்தோஷம் இல்லையென்று சொன்னால் அது பொய். அம்மா எனக்குக் காலுக்கு வெள்ளை மேசும் தலைக்குப் புது ரிபனும் வாங்கித் தந்தார். வெட்டித் தைத்து முடிந்த ஒரு வெள்ளைச் சட்டை இன்னொரு வீட்டில் தொங்குவதை நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். நினைப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் கிழமைத் துண்டுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. துண்டு என்று சொல்லக்கூடாது, முழு நீளக் கடதாசி, இரண்டு பக்கமும் எழுத்து. பெட்டியின் வாயில் பாதியில் சிக்கி நின்றது. திங்கட்கிழமை சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அது விரித்துக் கிடந்தது.

"ஆண்டவருக்கு எழுதினதை நான் வாசிச்சது பிழைதான். ஆனா வெளியில நீட்டிக்கொண்டு நிண்டது, பிள்ளை. பேர் எழுத வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ?"

"நான் பேர் எழுதேல்ல சிஸ்டர்."

உண்மைதான். 'இப்படிக்கு, சிரேஷ்ட மாணவத் தலைவி' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு வாசித்தார். "செவ்வாய்க்கிழமை ஒன்பது பேரை ஒறுத்தேன். புதன்கிழமை மழை என்பதால் நான்கு பேரை மட்டுமே ஒறுக்க முடிந்தது, மன்னிக்கவும். வியாழக்கிழமை, முட்டையைச் சின்னப்பிள்ளைக்குக் கொடுத்ததற்காகப் பிறிசில்லாவை நாலாம் தரம் ஒறுத்தேன்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"ஒறுத்தல் எண்டா என்ன எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அப்பா."

"அப்பா சொன்னதும் சரியான கருத்துத்தான். ஆனா எங்கட ஒறுத்தல் மற்றாக்களை இல்லை, தன்னைத்தான். விருப்பமானதை விட்டுக் குடுக்கிறது ஒறுத்தல். பிடியாததை வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்ளுறதும் ஒறுத்தல். அந்தப் பிள்ளை தன்ர முட்டையைக் குடுத்திருக்கு, பாருங்கோ."

ஐந்து கிழமையாக நான் ஒறுத்த முகங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. "பிறிசில்லாட பேரை வெட்டிவிடுங்கோ சிஸ்டர்" என்றேன்.

"நான் எழுதேல்லையே. எழுதின ஆள்தான் வெட்டோணும். எல்லாருக்கும் முன்னால எழுதினது, எல்லாருக்கும் முன்னாலதான் வெட்டோணும்."

அடுத்தநாள் காலைக் கூட்டத்தில் கொப்பியோடு முன்னால் போய் நின்றேன். ஒலிவாங்கி வழமைபோலப் பழுது. ஒருநாளும் என்னைக் கைவிடாத குரல் அன்றைக்கு வெளியே வரமாட்டேன் என்றது. முன்வரிசைப் பிள்ளைகள், இன்றைக்கு யாரை என்று பயந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு அழுகை வந்தது.

"பிறிசில்லா பிழை செய்யேல்ல. நான்தான் பிழையா எழுதினனான். சிலுவை அவளுக்குத்தான்" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு எல்லோரும் பார்க்க நாலு இடத்திலும் அவளுடைய பெயரை வெட்டினேன். வெட்டின வேகத்தில் கடதாசி கிழிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பிறிசில்லா வெள்ளைச் சட்டையோடு சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நல்ல வெயில். அவளுடைய அம்மா கேற்றடியில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் அவளுக்குப் பின்னால் நடந்து செபங்களை உரத்துச் சொன்னேன். துறைமுகத்தில் நின்ற கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும். என் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையான ஒறுத்தல் ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

எல்லாம் முடிந்தபிறகு தேசிக்காய் பிழிந்து சீனி போட்ட தண்ணீர் கொடுத்தார்கள். நானும் அவளும் படியில் இருந்து குடித்தோம். அவள் என்னோடு கோபமாக இல்லை. எனக்குத்தான் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நீ பெட்டிக்குள்ள என்ன எழுதிப் போட்டனி? முட்டையைத்தானே?"

"இல்லை. முட்டை எனக்குச் சின்னனிலயிருந்தே பிடியாது. மணத்துக்கே வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். அதைத்தான் ஏலாது எண்டு சொன்னனான்."

"அப்ப என்ன ஒறுத்தல் எழுதினனி?"

"சொல்லக்கூடாது."

நான் விடுவேனா. அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"உன்ர பேரைத்தான் எழுதினனான்."

"ஒவ்வொரு கிழமையுமா?"

"ஓம். ஆறு கிழமையும்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் அவளை முழங்காலில் இருத்திய கிழமையிலும் எனக்காக ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறாள்! இப்படியொரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள்? என் கோப்பையில் மிச்சமிருந்த தேசிக்காய்த் தண்ணீரை அவளுக்கே ஊற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குள் ஆறு தரம் என் பெயர் இருப்பதை இரண்டு முறை சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். பத்திரிகை குலுங்கிக்கொண்டே இருந்தது. பெருமையில் அவருக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்து, அவரைத் தொந்தரவு செய்யாமல் விளையாடப் போய்விட்டேன்.