தமிழில் கத்திய எங்கள் டீம்

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். யாங்கோனில் காலேஜ் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் கால்பந்து டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். இன்றைக்கு இதைச் சொன்னால் என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

டீம் என்று சொல்கிறேனே தவிர, முதல் இரண்டு வருடம் அது டீமே இல்லை. டீக்கடை டி.வி.யில் பார்த்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு பதினொரு பேரும் பதினொரு விதமாக ஆடினோம். ஒருவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். இன்னொருவன் ஃப்ரீ கிக் எடுக்கும் முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்து, கால்களை அகட்டி நிற்பான். பந்து நேராக மதில் சுவரைத் தாண்டிப் போகும். நாலு கோல், ஐந்து கோல் என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வருவோம். கோச் கிடையாது. பொறுப்பில் இருந்த சயா, அதாவது எங்கள் விரிவுரையாளர், குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு மட்டும் மைதானத்துக்கு வருவார்.

எங்கள் கேப்டன் வடக்கே மேல் பர்மாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். குட்டையான ஆள், நடுக்களத்தில் ஆடுவான். ஒருநாள் தோற்றுவிட்டுத் திரும்பும்போது சொன்னான். அவன் பேசியது பர்மிய மொழி, நான் தமிழில் சொல்கிறேன்.

"நம்ம ஆட்டம் எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா என்னடா சொல்றது? அதிகமா கோல் வாங்குவோம்னா?"

மைதானத்தில் நான் எப்போதுமே பேசமாட்டேன். கோல்கீப்பர் பின்னால் நின்று எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்த வேண்டியவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் வராது. பர்மிய மொழி எனக்குத் தமிழைவிட நன்றாகவே வரும். பிரச்சினை அதில்லை. பள்ளிக்கூடத்தில் 'கலா' என்று பின்னாலிருந்து கேலியாகக் கூப்பிடுவார்கள். இந்திய முகம் உள்ளவர்களை இங்கே அப்படிச் சொல்வதுண்டு. அதனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி எதுவும் செய்யாமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. தமிழ் வீட்டுக்குள்ளேயும், நாங்கள் குடியிருந்த தாமுவேயில் எங்கள் சந்துக்குள்ளேயும்தான். அந்தச் சந்தில் தமிழ்ப் பையன்களோடு ரப்பர் பந்து ஆடித்தான் நான் கோல்கீப்பர் ஆனேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தோம். மைதானத்தில் பாதி சேறு. உயரமாக வந்த பந்து எங்கள் ரைட் பேக்கின் தலைக்கு மேல் இறங்கியது. அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து தினமும் படகில் வருகிற பர்மியப் பையன், ஒல்லியான உடம்பு. லைன் கார் என்று நாங்கள் சொல்கிற வண்டியில் டீமோடு எங்கே போனாலும் என் பக்கத்தில்தான் உட்காருவான். அவன் அந்தப் பந்தைத் தலையால் தட்டப் போனான். பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வருவது அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"விடு! விடு! எனக்கு!" என்று கத்திவிட்டேன். தமிழில். சந்தில் கத்துகிற அதே குரலில்.

அவனுக்குப் புரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் குனிந்துவிட்டான். பந்து என் கைக்கு வந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சேற்றுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சிலர் சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்தான்.

"இப்ப என்ன கத்தினே? இன்னொரு தடவை கத்து."

"தெரியாம வந்துடுச்சு. இனிமே பர்மிய மொழியிலேயே..."

"அதைச் சொல்லல. பர்மிய மொழியில நீ விருந்தாளி மாதிரி கூப்பிடுறே. இப்ப வீட்டுக்காரன் மாதிரி கூப்பிட்டே. அப்படியே கூப்பிடு. நாங்க கத்துக்கிறோம்."

அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து ஆறு சொற்களைத் தேர்ந்தெடுத்தோம். வா, விடு, ஆள், திரும்பு, மெதுவா, மேலே. பந்தைத் தன்னிடம் கேட்டால் 'வா'. பின்னால் எதிராளி வந்தால் 'ஆள்'. யாரும் இல்லை, திரும்பி ஆடலாம் என்றால் 'திரும்பு'. 'மேலே' என்றால் பின்வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் முன்னே ஏற வேண்டும், எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவான்.

எங்கள் ஆட்டமும் அந்த ஆறு சொற்களிலிருந்துதான் பிறந்தது. எங்களில் யாரும் உயரமில்லை. அதனால் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை என்று கேப்டன் முடிவு செய்தான். கோல்கீப்பர் கையிலிருந்து உருட்டித் தொடங்கி, தரையோடு தரையாக, சின்னச் சின்ன பாஸ்களாக முன்னே போவோம். பந்து வைத்திருப்பவனுக்கு இன்னொருவன் கண்ணாக இருக்க வேண்டும். யாரும் வாயை மூடிக்கொண்டு ஓடக்கூடாது.

பர்மிய நாக்கில் அந்தச் சொற்கள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே! 'திரும்பு' 'தியும்பு' ஆயிற்று. 'ஆள்' வெறும் 'ஆ' ஆயிற்று. ரைட் பேக்தான் எல்லோரையும்விட ஆர்வமாகக் கற்றுக்கொண்டான். மணிக்கட்டில் பேனாவால் பர்மிய எழுத்தில் ஆறையும் எழுதிக்கொண்டு, டாலா படகில் வரும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பானாம். பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்களாம்.

மழை விடுவதற்குள் தோற்பது குறைந்தது. குளிர்காலத்தில் ஜெயிக்கவே ஆரம்பித்தோம். மற்ற காலேஜ்காரர்கள் எங்களை 'கத்துகிற டீம்' என்றார்கள். எங்கள் கத்தலைக் கேட்பதற்காகவே மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். நகரத்து நடுவே கியாக்டடாவில் கடை வேலைக்குப் போய்வந்த என் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்.

"டேய், அவனுங்கள விடு. நீயே 'தியும்பு'ன்னுதான் கத்துற."

காலேஜ்களுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை போனோம். அதுவே எங்கள் காலேஜுக்குப் பெரிய விஷயம். நகரத்துக்கு வடக்கே மாவ்பி பக்கத்தில் ஆட்டம். வண்டியில் பாட்டும் கூத்துமாகப் போனோம்.

தொடங்கிப் பத்து நிமிஷத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நான் 'மேலே' என்று கத்தினால் எங்கள் பின்வரிசை ஏறுகிறது. அவர்களில் ஒருவன், லெஃப்ட் விங்கர், எங்களோடு சேர்ந்து அவனும் ஓர் எட்டு பின்னால் வந்துவிடுகிறான். ஆஃப்சைடில் மாட்டவே இல்லை. அப்படி ஒரு கோல் போட்டான். இரண்டாவது அதைவிட மோசம். பந்து ரைட் பேக்கின் காலடிக்கு வந்தது. நான் எடுத்துக்கொள்ளலாம் என்று 'விடு' என்றேன். அவன் விட்டான். விடப்போகிறான் என்று முன்பே தெரிந்ததுபோல விங்கர் நடுவில் புகுந்து பந்தைத் தட்டிவிட்டான்.

இரண்டு கோல். இரண்டும் ரைட் பேக்கின் பக்கமாகவே வந்தவை. என் மண்டைக்குள் ஒரு படம் ஓடியது. போன வாரம் டீக்கடையில் ரைட் பேக் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆள் போட்டிருந்தது இந்தக் காலேஜின் ஜெர்சி.

இடைவேளையில் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் உட்காரவில்லை. நேராக அவன் முன்னால் போய் நின்றேன்.

"நீதானே சொல்லிக்கொடுத்தே? உன் ஆள் அந்தக் காலேஜ்ல இருக்கான்ல? நான் பாத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். அது இருந்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். கேப்டன் அவனிடம் கேட்டான். "இல்லை" என்று ஒரே ஒரு சொல் சொன்னான். பிறகு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டான். கேப்டன் வேறு வழியில்லாமல், இனி தமிழ் வேண்டாம், பர்மிய மொழியிலேயே கூப்பிடுங்கள் என்றான்.

பேருக்குத்தான் சொன்னான். யாரும் கூப்பிடவே இல்லை. பழைய மாதிரி பதினொரு பேரும் தனித்தனியாக ஓடினோம். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஒரு கார்னர் வந்தது. பந்தைப் பிடிக்க எகிறினேன். அந்த விங்கரும் எகிறினான். இரண்டு பேரும் மோதி விழுந்தோம். பந்து என் கையில் இருந்தது, ஆனால் தோளில் நல்ல அடி. ரெஃப்ரி விசில் ஊதினார். அவன் எழுந்து எனக்குக் கை கொடுத்தான்.

"அகோ, அடி பட்டுருச்சா?"

'அகோ' என்பது பர்மிய மொழியில் அண்ணன். மீதி தமிழ். கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"நீ தமிழா?"

"அப்பா தமிழ், அம்மா பர்மா. இங்க மார்க்கெட்டுலதான் எங்க கடை." வெட்கமாகச் சிரித்தான். "நீங்க கத்துனது அம்புட்டும் வெளங்குச்சு. கிரவுண்டுல தமிழ் கேக்குறது எனக்கு இதான் மொதத் தடவ."

அவன் தன் இடத்துக்கு ஓடிவிட்டான். பார்த்தால் பர்மியப் பையன் மாதிரியே இருந்தான். இந்த ஊரில், இத்தனை லட்சம் காதுகளில் ஒரு காது தமிழ்க் காதாக இருக்கலாம் என்று, தாமுவேயில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இன்னொன்று. 'விடு' என்று கத்தியதே நான்தான். சொன்னதைக் கேட்டு விட்டவனை நானே குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

ஃப்ரீ கிக் எங்களுக்கு. பந்தைக் கீழே வைக்காமல் ரைட் பேக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. நானே அவனை நோக்கி ஓடினேன். ரெஃப்ரி நேரத்தைக் கடத்தாதே என்று கத்துகிறார்.

"நீ இல்ல. அந்த விங்கர் தமிழ். அவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. தப்பு என் மேல."

அவன் விங்கரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வெறும் இடமாகப் பார்த்து ஓரத்துக்கு ஓடி, மைதானமே கேட்கிற மாதிரி, என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினான்.

"வா! வா!"

திரும்பி ஓடிவந்து பந்தை வைத்து அவனுக்குத் தட்டிவிட்டேன். "தியும்பு!" என்று கேப்டன் நடுவிலிருந்து கத்தினான். அதற்குப் பிறகு எல்லோரும் கத்தினார்கள். அந்த விங்கருக்கு எல்லாம் கேட்கிறது என்று தெரிந்தே கத்தினோம். அவனும் தன் ஆட்களிடம் பர்மிய மொழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து இரண்டு கால் மாறியிருக்கும். அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது, எங்கள் பலம் ரகசியத்தில் இல்லை என்று. கேப்டன் ஒரு கோல் போட்டான். கடைசி நிமிஷத்தில் இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. கதையாக இருந்தால் ஜெயித்திருப்போம்.

வண்டியில் ரைட் பேக் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டான். நான் பின்னால் நின்றுகொண்டே வந்தேன். மைதானத்தில் பந்து கேட்டது டீமுக்காக. அவன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று புரிந்தது.

எல்லோர் முன்னாலும் சொன்ன பழி என்பதால், மறுநாள் பயிற்சியில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே அவன் சொன்னான்.

"டீக்கடையில நீ பாத்தது என் சித்தி மகன். நீங்க கத்துறது என்ன பாஷைன்னு அவனும் கேட்டான்தான். நான் சொல்லல. எங்க டீம் பாஷைன்னு மட்டும் சொன்னேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முகம் கழுவப் போவதுபோலக் குழாயடிக்குப் போய்விட்டேன். என் பேச்சு வெளியில் கேட்டுவிடக்கூடாது என்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஒளித்து வைத்திருந்தவன் நான். அதை அவன் 'எங்க' என்று சொன்னான். அப்படிச் சொன்னவனைத்தான் நான் முதல் ஆளாகச் சந்தேகப்பட்டேன். தலையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அவன் பந்தை என் நெஞ்சைப் பார்த்து உதைத்தான். கொஞ்சம் பலமாகவே. பிடித்துக்கொண்டேன். அத்தோடு சரியாயிற்று.

அந்த டீமில் பாதிப் பேர் இன்றைக்கு நாட்டில் இல்லை. கேப்டன் ஜப்பானில் இருக்கிறான், இரண்டு பேர் மலேசியாவில். ரைட் பேக் கப்பலில் வேலை பார்க்கிறான். கரைக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவான். நான் தாமுவேயிலேயே இருக்கிறேன். வேலையிடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், யார் செய்திருப்பார்கள் என்று மனம் உடனே ஓர் ஆளைத் தேடி ஓடத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு, நான் என்ன சொன்னேன், நான் என்ன செய்தேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் நம்மை நம்பி, நம் வார்த்தைக்குக் காலெடுத்து வைப்பவர்கள் வாழ்க்கையில் மிகச் சிலரே கிடைக்கிறார்கள்.