அடிபடாத முகம்

சம்மட்டிக்குக் கோபம் மூக்கின்மேல் இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். அவனுக்குக் கோபம் கையிலேயே இருந்தது. பழைய பஸ், லாரிகளை உடைக்கிற யார்டில் வேலை. காலையில் ஒரு முழு பஸ்ஸின் எதிரே போய் நிற்பான். சாயங்காலம் அந்த இடத்தில் தகரக் குவியல்தான் கிடக்கும். மற்றவர்கள் கேஸ் வைத்து வெட்டுகிற போல்ட்டை இவன் சம்மட்டியால் அடித்தே பெயர்ப்பான். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். யார்டில் அவனிடம் வாய் கொடுக்காதவர்கள் இரண்டு வகை: அடி வாங்கியவர்கள், வாங்கினதைப் பார்த்தவர்கள். கட்டிக்கொண்டவளையும் ஒரு நாள் கன்னம் வீங்க அறைந்தான். அவள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். நல்ல காரியம் செய்தாள், திரும்பியே வரவில்லை. வீட்டில் மிச்சம் அவனும் அவன் அம்மாவும்தான்.

இப்பேர்ப்பட்டவன் வேலை முடிந்து வந்ததும் என்ன செய்வான் தெரியுமா? சோப்புப் போட்டுக் கை கழுவுவான். நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் போகும்வரை பிரஷ்ஷால் தேய்ப்பான். துண்டில் துடைத்து, ஃபேனுக்கு அடியில் கையை விரித்து நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகுதான் இரும்பு பீரோவைத் திறப்பான். உள்ளே அடுக்கடுக்காகச் சித்திரக்கதைப் புத்தகங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை நோகாமல் நிமிர்த்தி எடுத்துவிட்டு நூல் கோத்துத் தைப்பான். பக்கத்தை நுனிவிரலால் புரட்டமாட்டான், அடியில் உள்ளங்கை கொடுத்துத்தான் திருப்புவான். யார்டுக்காரர்கள் பார்த்திருந்தால் இது அவன் இல்லை, அவனுக்கு இப்படி ஒரு தம்பி இருக்கிறான் போல என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தது. அவருடைய கதாநாயகன் வடுமுகன், துறைமுகத்து மூட்டை தூக்கி. பக்கத்துக்குப் பக்கம் சண்டை. கடத்தல்காரன் பல் தெறிக்கும், தாடை திரும்பும், கப்பல் தளத்தில் ஆட்கள் குப்பைபோல விழுவார்கள். ஆனால் இத்தனை புத்தகத்திலும் வடுமுகன் முகத்தில் ஒரு குத்துகூட விழுந்தது கிடையாது. பழைய புத்தகக் கடையில் கூடுகிற சேகரிப்பாளர்கள் இதைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்து போவார்கள். அவர்களில் ஒரு பல் டாக்டர் உண்டு. காசு உள்ள மனுஷன். ஓவியருக்கு அந்த முகத்தை அடிபட்ட மாதிரி வரையவே தெரியாது, அதனால்தான் வரையவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு.

சம்மட்டி அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டான். அவன் அந்தப் புத்தகங்களை வாங்கத் தொடங்கியதற்குக் காரணமே வேறு. விடலைப் பருவத்தில் ஒரு கடையில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டான். வலது பக்கம் சாய்ந்த மூக்கு, நடுவில் பிளந்த புருவம், கிழிந்த காது மடல். அவன் அப்பாவின் முகம். வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. புத்தகத்தை வாங்கி ஓடிவந்து அம்மாவிடம் காட்டினான். உனக்கு எவனைப் பார்த்தாலும் அப்பாவாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா சாணை பிடிக்கிறவர். சைக்கிளில் சாணைக்கல்லைப் பொருத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். கத்தியை வைத்து மிதித்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் குழந்தைகள் கூடும். அந்தச் சமயம் பார்த்து ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி. எங்கிருந்து கிளம்பியது, யார் கிளப்பியது, ஒன்றும் தெரியாது. சந்தைத் தெருவில் அப்பா ஐந்து வயது மகனைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தார். இவன்தான்டா என்று ஒரு குரல். அவ்வளவுதான், தெருவே அவர்மேல் பாய்ந்தது.

குழந்தையைப் பிடுங்கினார்கள். திருடனிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துத்தான் பிடுங்கினார்கள், பாவிகள். ஒரு பெண் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணைப் பொத்தினாள். அவன் அப்பா அப்பா என்று அலறினான். பிள்ளை பயந்து அப்பாவைத் தேடுகிறது, பார் என்று அவள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். கண்ணைப் பொத்தினவள் காதைப் பொத்தவில்லை. செருப்பு விழும் சத்தம், கட்டை விழும் சத்தம், கடைசியில் அவருடைய சாணைக்கல்லையே கழற்றி எடுத்து அவர்மேல் போட்ட சத்தம் எல்லாம் அவன் காதுக்குள் போனது. அதன் பிறகு அவர் கத்தவில்லை. அந்தப் பெண் அவன் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தாள். இன்றைக்கும் அவன் இனிப்பு தொடமாட்டான்.

அடித்தவர்கள் நூறு பேர் இருக்கும். நூறு பேரை எங்கே போய்ப் பிடிப்பது? ஆனால் அந்த நூறு பேருக்கு முன்னால் ஒருத்தன் இருந்திருக்க வேண்டும், முதலில் அப்பாவைக் கைகாட்டின ஒருத்தன். அவன் கிடைத்தால் போதும் என்பதுதான் சம்மட்டியின் வாழ்க்கை. யார்டில் இரும்பை அடிக்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த ஒருத்தனைத்தான் அடித்தான். அந்த ஓவியருக்கு அப்பாவின் முகம் தெரிந்திருக்கிறது என்றால் மற்றதும் தெரிந்திருக்கும். இரண்டு முறை அவர் வீட்டு வாசலுக்குப் போனான். வாசகர்களைப் பார்ப்பதில்லை என்று அவர் மகள் கதவைச் சாத்திவிட்டாள்.

அதனால் அவருடைய ஆரம்ப கால வேலைகளைத் தேட ஆரம்பித்தான். பேர் வருவதற்கு முன் ஓவியர்கள் எதைத்தான் வரையவில்லை? தீப்பெட்டி லேபிள், சோப்பு உறை, இருமல் மருந்து நோட்டீஸ். ஒன்றிலும் கையெழுத்து இருக்காது. காதை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். இந்த ஓவியர் எந்தக் காதையும் கேள்விக்குறி போல ஒரே இழுப்பில் போடுவார். சம்மட்டி குப்பைக் கிடங்குகளில் காது தேடி அலைந்தான். அங்கேதான் அந்தச் செய்தி அவனுக்கு எட்டியது: எல்லாவற்றுக்கும் முந்தின வேலை ஒன்று இருக்கிறது, ஒரு வாரப் பத்திரிகையில் வந்த நாலு கட்டப் படக்கதை. ஓவியரே ஆள் வைத்து அதைத் தேடித் தேடி வாங்கி எரித்துக்கொண்டிருக்கிறார். தன் வேலையைத் தானே எரிக்கிறவர் எதை மறைக்கிறார்? சம்மட்டிக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளாக அது புத்தகக் கடைக்காரர் கையில் கிடைத்தது. கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை, பல் டாக்டருக்கும் சொல்லியனுப்பினார், சம்மட்டிக்கும் சொல்லியனுப்பினார். சம்மட்டி போய்ச் சேரும்போது டாக்டர் அதைக் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டுக் கக்கத்தில் வைத்திருந்தார். சம்மட்டி, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கெஞ்சினான். வாங்க வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்றான். கிரீஸ் கையோடு இதன் பக்கத்திலேயே வரக்கூடாது என்றார் டாக்டர்.

ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிறவருக்கு அன்றைக்கு முன்பல் இரண்டும் ஒரே குத்தில் போனது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டை நனைந்தது. ஷட்டர் இழுக்கிற கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்த கடைக்காரரைச் சம்மட்டி புத்தக அடுக்கோடு சேர்த்துத் தள்ளினான். அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்தது. உறை மட்டும் கசங்கவில்லை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, வெளிச்சம் பார்த்து எடுத்தான். போலீஸும் வழக்கும் பிறகு வரத்தான் வந்தன, அந்தக் கண்றாவி இங்கே வேண்டாம்.

முதல் கட்டத்தில் ஒருவன் சாணை பிடிக்கிறான், சுற்றிலும் குழந்தைகள் பொறியைப் பார்க்கிறார்கள். இரண்டாவதில் அவன் அக்கம்பக்கம் பார்த்துக் கோணியை விரிக்கிறான். மூன்றாவதில் கோணிக்கு வெளியே இரண்டு பிஞ்சுக் கால்கள். நாலாவதில் முகம் மட்டும், கட்டம் நிறைய. சாய்ந்த மூக்கு, பிளந்த புருவம், கிழிந்த மடலோடு கேள்விக்குறிக் காது. கீழே கொட்டை எழுத்தில்: பெற்றோர்களே, இந்த முகத்தை மறக்காதீர்கள்.

சம்மட்டி தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நேரே ஓவியர் வீட்டுக்கு நடந்தான். அந்த வாரப் பத்திரிகைத் தாள் என்னிடம் இருக்கிறது என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னான். இந்தத் தடவை ஓவியரே வந்து திறந்தார். ஒடிசலான கிழவர், விரலெல்லாம் மை. மாடியறைக்குக் கூட்டிப் போனார். சாய்வான வரைபலகையில் வடுமுகன் பாதி முகத்தோடு இருந்தான்.

என்ன கேட்டாலும் தருகிறேன், அதைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். சம்மட்டி தாளை விரித்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான்.

"இது யாரு?"

கிழவர் தாளைப் பார்த்தார், அதே மாதிரி சாய்ந்திருந்த அவன் மூக்கைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஊரில் புரளி சூடாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் படக்கதை வேண்டும் என்று ஆசிரியர் விரட்டினார். உடம்பு வரைந்துவிட்டார், முகம் வரவில்லை. முகம் வராவிட்டால் பத்திரிகை ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, நிற்கிறவர் முகத்தை எடுத்துக்கொள்வது அவர் பழக்கம். கீழே சந்தைத் தெருவில் சாணை பிடிக்கிறவர் நின்றிருந்தார். காலையில் இவருடைய காகிதம் வெட்டுகிற பிளேடைத் தீட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

"அவரை அடிச்சப்போ எங்க இருந்தே?"

"அதே ஜன்னல்ல."

"வாயத் திறந்தியா?"

கிழவர் தலையை ஆட்டினார். இல்லை. "அதுக்கப்புறம் காகிதத்துல ஒருத்தனையும் அவர் முகத்துமேல கை வைக்க விடலப்பா" என்றார்.

"காகிதத்துல" என்றான் சம்மட்டி.

கிழவரின் வலது கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தான். காலால் ஓங்கி உதைத்து மூடினான். விரல்கள் முறிந்த சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. திறந்து மறுபடியும் உதைத்தான். கிழவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்க்கவே இல்லை. வெளிறிப்போன முகத்தில் வியர்வை வழிந்தது, வாயிலிருந்து நாய் ஊளை மாதிரி ஒன்று வந்தது. மகள் பதறி ஓடிவந்தாள். கை இழுப்பறையில் மாட்டிக்கொண்டதம்மா, இவர் எடுத்துவிட வந்தார் என்று கிழவர் அவளிடம் சொன்னார். சம்மட்டி தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவிட்ட மாதிரி. அம்மா இதைக் கேட்டால் அழுவாள், அழட்டும், அதன் பிறகாவது நிம்மதியாகக் கண்மூடித் தூங்குவாள் என்று நினைத்துக்கொண்டான். கை கழுவவில்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் மடியில் விரித்தான்.

"அப்பாவைக் கைகாட்டினவனைப் புடிச்சுட்டேன்மா. இதை வரைஞ்சவன்தான். அவன் கையை ஒடிச்சுப் போட்டுட்டு வர்றேன்."

அம்மா அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். நாலாவது கட்டத்து முகத்தை விரலால் ஒரு முறை தடவினாள்.

"இது சக்கரை மடிச்சு வந்த பேப்பருடா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு அன்றைக்கும் படிக்கத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கடையிலிருந்து வந்த சர்க்கரையைக் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்தால், உள்ளே புருஷன் முகம். அச்சில், அவ்வளவு பெரிதாக. கோணியும் பிஞ்சுக் கால்களும் அவள் கண்ணில் படவே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழை வீட்டு ஆம்பிளையின் படத்தைப் பேப்பரில் போட்டிருக்கிறார்களே என்று பூரித்துப்போய் அதை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடினாள். தண்ணீர் பிடிக்க நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள். எங்க வீட்டுக்காரர்தான், நல்லாப் பாருங்க, சாணைக்கல்லுகூடப் போட்டிருக்காங்க என்றாள். இப்போது எந்தத் தெருவில் இருப்பார் என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போயிருக்கிறார் என்று இவள்தான் சொன்னாள். படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி கீழே இருந்த எழுத்தைப் படித்தாள்; ஒன்றும் பேசாமல் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். படம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லத்தான் ஓடுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்தாள் ஒரு முகம்தான் போட்டான். அது யாரு, எங்க இருக்காருன்னு ஊருக்குச் சொன்னது நான்."

சம்மட்டியின் கை தானாக மேலே போயிருந்தது. எப்போதும் அப்படித்தான், அவனைக் கேட்டுக்கொண்டா அது போகும்? அம்மா அதைப் பார்த்தாள். முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை, ஒதுங்கவும் இல்லை. அவனுக்கு வாகாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் கையை ஒடிச்சுட்டே. நான் வாயாலதான் சொன்னேன். என்னை என்ன செய்யப் போறே?"

அவன் தூக்கின கையோடு அப்படியே நின்றான்.