குடையைப் பார்த்து அழுத மனிதர்

போன சனிக்கிழமை வரை ஒன்பது நாளாக என் டிவியில் நான் பார்த்த படங்கள் மட்டும்தான் இருந்தன.

இதில் என்ன கவலை என்கிறீர்களா? எங்கள் வீட்டு ஸ்ட்ரீமிங்கில் ஐந்து புரொஃபைல். மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கொழும்பில் இருக்கும் மைத்துனிக்கு ஒன்று. மிஞ்சிய ஒன்றில் நானும் கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதன் ஜவ்பரும் குடியிருக்கிறோம். அதற்குக் 'கிழடுகள்' என்று பெயர் வைத்தவள் மகள்.

காலையில் டிவியைப் போட்டால் முதலில் தெரிவது, முதல் நாள் ஜவ்பர் பார்த்துப் பாதியில் விட்ட ஏதாவது ஒன்று. மல்யுத்தம், சமையல் போட்டி, டப்பிங் செய்த கொரியக் காதல்... ஆள் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். ஒன்பது நாளாக அது இல்லை. கோல் எடுத்தால் மூன்றாவது மணியில் கட் பண்ணினான்.

"ஏதும் எழுதிக் கிழிச்சீங்களோ?" என்றாள் மனைவி.

இதே பத்தியில் எழுதியிருந்தேன்.

என் அபிப்பிராயங்கள் உங்களுக்குத் தெரியாதா? துப்பறியும் தொடர்களில் ஒருவரும் லைட் போடுவதில்லை — வீட்டில் கரண்ட் இருந்தும் டோர்ச் அடித்துத்தான் பிணத்தைத் தேடுகிறார்கள். எந்தக் கதாநாயகியும் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடித்ததில்லை. இரண்டு மணி நேரத்துக் கதையை எட்டு எபிசோடாக இழுத்து, கடைசியில் ஒரு கதவு திறப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த வேகத்தில்தான் ஒரு தொடரைக் கிழித்தேன். தையல்கார அப்பா, மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். மனிதர் எதைப் பார்த்தாலும் அழுகிறார். சுவரில் தொங்கும் பழைய கறுப்புக் குடையைப் பார்த்து ஐந்து நிமிடம் அழுகிறார். 'கண்ணில் பைப் உடைந்திருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள்' என்று எழுதினேன். ரசித்ததாகப் பலர் சொன்னார்கள். நானும் என்னை நன்றாகவே ரசித்தேன்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். ஜவ்பருக்குக் கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, ஆணி வாங்க வந்த ஒருவர் கேட்டார்:

"என்ன ஜவ்பர் நானா, பிளம்பர் வந்தாரா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜவ்பர் சிரிக்கவில்லை. ஆணியை நிறுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"விளங்கிச்சா? கடைக்கு வாற எல்லாருக்கும் அந்தத் தொடரப் பாருங்க எண்டு சொன்னவன் நான். பாத்து அழுததையும் சொல்லித் துலைச்சிட்டன். இப்ப இதுதான் என்ட பேர்."

"பகிடிக்குத்தானே மச்சான் எழுதினனான்."

"பகிடி பரவாயில்ல. நஸ்ரின்..." என்று நிறுத்தினான்.

நஸ்ரின் அவனுடைய ஒரே மகள். மலேசியாவுக்குப் படிக்கப் போய் மூன்று மாதம். எழுதும்போது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை, பாருங்கள்.

"அவள் கோல் எடுத்தா என்னத்தக் கதைக்கிற? சாப்பிட்டீங்களா வாப்பா, ஓம். நீ சாப்பிட்டியா, ஓம். வெச்சிருவம். இந்தத் தொடர் வந்த புறகுதான் கதை வந்திச்சு. சனிக்கிழமைக்கு ஒரு எபிசோட். அவள் அங்க பாப்பாள், நான் இங்க பாப்பன். புறகு ஒரு மணித்தியாலம் கதைப்பம். மூணு பாத்தம். நீ எழுதினாய். வேணாம் மகள், அது சரியில்லையாம் எண்டு சொல்லிட்டன்."

"இப்ப?"

"இப்ப என்ன. சாப்பிட்டியா, ஓம்."

மாட்டிக்கொண்டால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன் — ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன்.

"அது சரி மச்சான், அந்தாள் ஏன் குடையப் பாத்து அழுகிறார்?"

ஜவ்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ முதலாவது எபிசோட் பாக்கல்லையா?"

"பாத்தனானே. தையல் மெஷினுக்கு முன்னால இருந்து அழுவார்..."

"அது நாங்க பாத்த மூணிலயும் இல்லையே. நாலாவது."

நடந்தது இதுதான். அவன் மூன்று எபிசோட் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தான். நான் ரிமோட்டில் அந்தத் தொடரை அழுத்தியதும், இருவருக்கும் ஒரே புரொஃபைல் என்பதால், டிவி அவன் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் முன்கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். நான்தான் சுருக்கம், டைட்டில் பாட்டு எதையும் பார்க்காமல் தாண்டிப் போகிறவனாயிற்றே. நாலாவதிலிருந்து பார்த்துவிட்டு, 'கதைக்கு அத்திவாரமே இல்லை' என்று வேறு எழுதியிருந்தேன்.

ஜவ்பர் சிரிக்கத் தொடங்கினான். ஆணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வா உள்ளுக்கு," என்றான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. முதலாவது எபிசோடைப் போட்டான். மகளின் முதல் பள்ளிக்கூட நாள். மழை. அப்பா தன் குடையைக் கொடுத்து அனுப்புகிறார். அவள் உயரத்துக்கு அது கூடாரம். பின்னாலிருந்து பார்த்தால் குடைக்கே இரண்டு கால் முளைத்து நடந்து போவது போலிருக்கிறது. அந்தக் குடை முடக்கில் திரும்பி மறையும்வரை அவர் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். வசனம் இல்லை.

நான் கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடினேன்.

ஜவ்பர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "கடையில நல்ல தண்ணி டெப் இருக்கு மச்சான். ஒண்டு பூட்டி விடவா?"

பிறகு போனை எடுத்தான். "மகள், நாலாவதப் பாப்பமா இண்டைக்கு?... ஓம், நல்லாத்தான் இருக்காம். எழுதின அங்கிள் இங்கதான் இருக்கார். மூக்குச் சிந்துறார்." அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

இன்று காலை டிவியைப் போட்டேன். முதல் படம் மல்யுத்தம் — பாதியில். ஆள் சுகம்.

ஆகவே, பிளம்பரை நான் வாபஸ் வாங்குகிறேன். ஏழாவது எபிசோட் இழுவை என்று எழுதியதை மட்டும் மாற்றமாட்டேன். ஆனால் ஜவ்பரும் மகளும் அந்த இடத்துக்கு வர இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கிறது...

தயவுசெய்து இந்தக் கடைசி வரிகளைக் கிண்ணியாவில் யாரும் சத்தமாக வாசிக்காதீர்கள்.