தாம்பரத்திலிருந்து நாவலூர்: மூன்றாவது நாட்டுக்கான பாஸ்போர்ட்

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கம்போடியாவில் கிடைத்திருந்த ஆங்கில ஆசிரியை வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்காகத் தாம்பரத்திலிருந்து நாவலூருக்குக் கிளம்பினேன். சுமார் இருபது கிலோமீட்டர். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் தனியாகவே போய் வேலை பார்த்தவள் நான். ஆனால் இதுவரை செய்த பயணங்களில் நான் மிகவும் பயந்தது இந்த இருபது கிலோமீட்டரில்தான். ஒரு நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த நாட்டைத் தேடும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சேலையூர் அப்பார்ட்மென்ட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "ஒரே நாட்டுல இருக்க மாட்டியாம்மா?" ஊர் சுற்றும் ஆசை என்று நினைக்கிறார்கள். தாய்லாந்தில் இரண்டு வருடம் முடிந்ததும், பிள்ளைகளின் பெற்றோர்கள் வெள்ளைக்கார டீச்சர் கேட்கிறார்கள் என்று சொல்லி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அங்கே வேலையும் விசாவும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. வேலை போனால் சில நாட்களுக்குள் வெளியேற வேண்டும். அந்தச் சில நாட்களில் எங்கிருந்து கூப்பிடுகிறார்களோ, அதுதான் நம் அடுத்த நாடு. வியட்நாமுக்கு அப்படித்தான் போனேன். அங்கே நான் சேர்ந்த ஆங்கிலப் பயிற்சி சென்டரை ஒரு வருடத்தில் மூடிவிட்டார்கள்; ஊர் திரும்பிவிட்டேன்.

சரண்யா கதையும் இதேதான். மேடவாக்கத்துக்காரி. தாய்லாந்தில் எனக்குப் பக்கத்து அறை. அந்த ஜூனுக்கு இரண்டு மாதம் முன்பு நாவலூர் ஏஜென்ட் ஒருவர் மூலம் கம்போடியா போனாள். அதே ஏஜென்ட்தான் எனக்கும் வேலை சொன்னார். தெரிந்தவள் இருக்கிறாளே என்ற தைரியத்தில், விசாவுக்கென்று அவர் கேட்டபோது ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன்.

ஒன்பதரைக்கு தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறினேன். முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கேம்ப் ரோடு, செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆனது. சரண்யா வீட்டுத் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று வழியை அடைத்து நின்றதால், சுவரோரம் ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அவள் அப்பா மட்டும் இருந்தார். ரிடையர் ஆனவர். சனிக்கிழமை காலையில் மகள் போன் செய்வாள் என்பதால் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அது அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சரண், நான்தான்டி. பாஸ்போர்ட் குடுத்துட்டேன். இன்னிக்கு சைன் பண்ணப் போறேன்."

"நல்ல விஷயம். நீங்க வாங்க. நல்ல ஸ்கூல்" என்றாள்.

நீங்க. பழகிய முதல் வாரத்திலிருந்தே என்னை 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"என்னடி, நீங்க வாங்கன்ற? எந்த கிளாஸ் எடுக்கற?"

"எல்லா கிளாஸும். சாப்பாடு நல்லா இருக்கு. நீங்க சீக்கிரம் வாங்க."

பின்னால் பிள்ளைகள் சத்தம் எதுவும் இல்லை. நிறைய கீபோர்டுகள் தட்டப்படும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஓர் ஆண் ஏதோ சொன்னான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"எப்பவும் ரெண்டு நிமிஷம்தாம்மா பேசுவா. பிஸியா இருக்கான்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

"பக்கத்துல யாரோ இருக்காங்க அங்கிள். என்னை வராதேன்னு சொல்றா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். உடனே போலீசுக்குப் போகலாம் என்றார். போகத்தான் வேண்டும். ஆனால் என் பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தில் இருந்தது. போலீஸ் என்று தெரிந்தால் அதோடு மறைந்துவிடுவார்கள். முதலில் அதை எடுத்துவந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

மேடவாக்கத்திலிருந்து ஆட்டோ. முந்நூறு ரூபாய் பேசினோம். பெரும்பாக்கம் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, மூஞ்சே சரியில்ல. ஒடம்பு எதுனா பேஜாரா?"

"பயமா இருக்குண்ணா." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முழுக்கச் சொல்லிவிட்டேன். கடைசியில், "கீழ வெயிட் பண்றீங்களா? இருபது நிமிஷத்துல வரலைன்னா மேல வந்து கூப்பிடுங்க" என்றேன்.

"எந்த மாடின்னு சொல்லிட்டுப் போ. நான் கீறேன்."

நாவலூரில், ஓஎம்ஆர் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஏஜென்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. "டிக்கெட் ரெடி மேடம். வியாழக்கிழமை கிளம்பறீங்க."

பேங்க் லோனுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது இந்தப் பொய் தேவைப்படும் என்று நினைத்திருக்கவில்லை. ஆட்டோவில்தான் தயார் செய்தேன்.

"வெளியில தர மாட்டோம் மேடம்." சிரித்தார். எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "காலைல சரண்யா மேடம்கிட்ட பேசினீங்களாமே?"

நான் பேசி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது; அதற்குள் அங்கிருந்து இவருக்குச் செய்தி வந்துவிட்டது. "ஆமா. நல்ல ஸ்கூல்னு சொன்னா" என்றேன். என் முகம் என்ன சொன்னதோ தெரியாது. நான் பிசகினால் அடி விழப்போவது அவளுக்கு என்பது மட்டும் தெரிந்தது. அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. ஆட்டோக்காரர்.

"அக்கோவ், சார் கீழ வந்துட்டாரு. ஸ்டேஷனுக்கு டைம் ஆவுது, இன்னும் இன்னா பண்றான்னு கத்தினு கீறாரு. மேல வரட்டுமான்னு கேக்குறாரு."

"யாரு சார்?" என்றார் ஏஜென்ட்.

"வீட்டுக்காரர். இன்ஸ்பெக்டர்" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஏஜென்ட் ஆட்டோக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தார். "திங்கட்கிழமை கண்டிப்பா கொண்டாந்துடுங்க மேடம்." கையெழுத்துப் போடாமலேயே பாஸ்போர்ட்டோடு படியிறங்கினேன். அந்த அண்ணன் மேடவாக்கம் வரை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

அன்று மாலையே சரண்யாவின் அப்பாவும் நானும் போலீசில் புகார் கொடுத்தோம். கம்போடியாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் எழுதினோம். திங்கட்கிழமை போலீஸ் போனபோது அந்த அறை காலி. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போன் வரவில்லை. நான் பாஸ்போர்ட்டை வாங்கியதால்தான் அவளை ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து, சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஆகஸ்டில் கம்போடியா போலீஸ் அவள் இருந்த கட்டடத்துக்குள் புகுந்து பலரை மீட்டது. அவர்களில் அவளும் இருந்தாள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. அங்கே பள்ளிக்கூடமே இல்லையாம். இன்டர்நெட்டில் பழகி, காதலிப்பதாகச் சொல்லி வெளிநாட்டு வயதானவர்களிடம் பணம் பிடுங்கும் இடம். "மத்தவங்க எழுதற இங்கிலீஷை நான் கரெக்ட் பண்ணணும். கிராமர் தப்பா இருந்தா அவங்க சந்தேகப்படுவாங்களாம். அதுக்குத்தான்டி டீச்சர் வேணும்" என்றாள்.

நாடு மாறப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைத் தூதரகத்திலோ விசா மையத்திலோ நீங்களே கொடுங்கள். வகுப்பு நடக்கும்போது வீடியோ கால் கேளுங்கள். பிள்ளைகளைக் காட்ட மறுக்கிற பள்ளிக்குப் போகாதீர்கள். முக்கியமாக, விசா முடிய மாதங்கள் இருக்கும்போதே அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள். நாள் நெருங்க நெருங்க நாம் எதையும் நம்பிவிடுகிறோம்.

போன வாரம் சரண்யா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் அவள் தாய்லாந்தில் வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. காபி குடித்துக்கொண்டே போனை என்னிடம் காட்டினாள்.

"ஓமான்ல ஒரு ஸ்கூல்டி. நிஜமான ஸ்கூல் மாதிரிதான் இருக்கு. நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றியா?"

விசாரிக்கிறேன் என்றேன். அவள் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.