கண்ணாடியக்கா போட்ட ஒன்பது

கண்ணாடியக்காவுக்குச் சுரமும் தெரியாது, தாளமும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவள். இருந்தாலும், புதிதாக வருகிற பாட்டுகளுக்கு இணையத்தில் மார்க் போடுகிற ஏழு பேரில் அவளும் ஒருத்தி. ஆறு வருடத்துக்கு முன் அவர்கள் இணையப் பக்கத்துக்குப் போய், அவர்களையே கிழி கிழியென்று கிழித்து ஒரு கருத்து எழுதினாள். இவ்வளவு வாய் இருக்கிறவர் உள்ளே வந்து உட்காரட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் கணவரோ கடையில் முதலாளியோ அவளிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்து கேட்கிற ஒரே இடம் அதுதான். அதனால் அதை உயிராக வைத்திருந்தாள்.

வாரம் ஒரு பாட்டு. ஒருவர் மார்க்கை இன்னொருவர் பார்க்காமல், பத்துக்கு இத்தனை என்று அனுப்ப வேண்டும், கூடவே ஒரு பத்தி. அனுப்பிய மார்க்கைத் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. ஏழையும் கூட்டிச் சராசரி போடுவார்கள். யாருடைய மார்க் சராசரியிலிருந்து ரொம்ப விலகி நிற்கிறதோ, அவருடைய பத்திதான் முதலில் வரும். தனியாக நிற்கிறவர் முதலில் பேசட்டும் என்று வைத்த வழக்கம். இதையெல்லாம் தொகுக்கிறவர் எழுவரில் ஒருவர்தான். எல்லோர் பத்தியையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

அந்த வாரம் ஒரு பெரிய பாடகரின் பாட்டு. ஆறு பேரும் மூன்று, நான்கு என்று போட்டிருந்தார்கள். அக்கா ஒன்பது. "கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓடுகிறது பாட்டு. பாடுகிறவருக்கு மூச்சு விட நேரமில்லை. அந்தத் தவிப்புதான் அழகு" என்று எழுதியிருந்தாள். வழக்கப்படி அதுதான் முதலில் வந்தது. படித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "எந்த பஸ்ஸு? பாட்டு தவழ்ந்துல்ல போகுது!" என்றார் ஒருவர். "அக்காவுக்குக் காதுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிடுங்கப்பா" என்றார் இன்னொருவர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை மறுபடி போட்டாள். திரையின் மூலையில் 1.5 என்று இருந்தது. அவளுக்குத் திக்கென்றது. கடைக்கு வந்த புது மெஷினுக்கான பயிற்சி வீடியோ ஜவ்வாக இழுக்கிறதே என்று வேகத்தை ஒன்றரை மடங்காக்கி வைத்தவள் அவளேதான். திரும்பக் குறைக்க மறந்திருக்கிறாள். குரல் மாறாமல் வேகம் மட்டும் கூடியதால் சந்தேகமே வரவில்லை. இப்போது குறைத்துக் கேட்டாள். பாட்டு தவழ்ந்துதான் போனது. அவமானத்தில் அவள் முகமே சிவந்துவிட்டது.

கத்தரிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? விடுங்கக்கா. உங்க பத்தியை எடுத்துடறேன். இந்த வாரம் ஆறு பேர்தான்னு போட்டுக்கலாம்."

"எடுக்காதீங்க. ஒன்பது அங்கேயே இருக்கட்டும். நான் தப்பான வேகத்துல கேட்டேன்னு கீழே எழுதித் தர்றேன்."

"ஊரே சிரிக்கும். மத்தவங்க பேரும் சேர்ந்து கெடும். நீங்க இப்படி ஒத்தக்கால்ல நின்னா, உங்களை வெச்சுக்கலாமான்னு நான் அவங்ககிட்ட கேட்க வேண்டியிருக்கும்."

அவளுக்கென்று இருந்த ஒரே இடமும் போய்விடலாம். ஆனாலும் அவள் வாய் அடங்கவில்லை.

"தாராளமா கேளுங்க. போன வருஷம் ஒரு மார்க்கை மாத்தித் தரச்சொல்லி நான் எவ்வளவு கெஞ்சினேன்? சட்டம்னா சட்டம்னீங்க. இப்ப மட்டும் எங்கே போச்சு அந்தச் சட்டம்? பூசி மெழுக வேற ஆளைப் பாருங்க."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவர், "பேசாம எடுக்கச் சொல்லிடேன். இதுல என்ன கிடைக்குது உனக்கு?" என்றார்.

"நான் சொன்னதை நான்தான் சொன்னேன்னு சொல்ல ஒரு இடம் கிடைக்குது" என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவள் குறிப்பு ஐந்தே வரி. "ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. நான் கேட்ட பாட்டுக்கு ஒன்பதுதான், குறைக்க மாட்டேன். அவர்கள் செய்த பாட்டுக்கு இரண்டு. வேகத்தைக் கூட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்."

மற்ற ஆறு பேரும் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் முடிவெடுத்தார்கள். அக்காவுக்குப் பத்துக்கு எத்தனை? ஐந்துக்குக் கீழே போனால் வெளியே. ஒருவர் பூஜ்யம் போட்டிருந்தார், ஒருவர் பத்து. சராசரி ஆறரை. பத்து யாருடையது என்று கத்தரி சொல்லவில்லை. ஆனால் அவள் குறிப்பு ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல் வெளிவந்தது. படித்தவர்கள் நன்றாகவே சிரித்தார்கள். வேகத்தைக் கூட்டிக் கேட்ட சிலர் மட்டும் அதையே மறுபடி போட்டுக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் வந்த பாட்டை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆறு பேரும் எட்டுக்குக் குறையாமல் போட்டார்கள். அக்கா மூன்று முறை கேட்டுவிட்டு ஒன்று போட்டாள். அவள் பத்திதான் முதலில் வந்தது. "வேகத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்" என்று அது தொடங்கியது.